அகக்கண் ஐயாவும் மூன்றாவது மாடிக் குதிரையும்

அகக்கண் ஐயாவைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. மாடி அறை வாசலில் தொடங்கிய வரிசை படியிறங்கி, தெருமுனை மருந்துக்கடையையும் தாண்டிப் போனது. மருந்துக்கடைக்காரரே கடையைப் பூட்டிவிட்டு வரிசையில்தான் நின்றார். பின்னே என்ன? ஐயா கையைப் பார்ப்பதில்லை, கட்டம் போடுவதில்லை. கண்ணை மூடுவார். உங்கள் மைத்துனர் பெயர், போன வாரச் சண்டை, நாளைக்குப் போகப்போகிற இடம் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைப்பார். கண்ணைத் திறந்துவைத்திருக்கும் நமக்கு இதெல்லாம் வருமா?

ஒரே ஒரு நிபந்தனை. டோக்கன் வேண்டுமென்றால் ஐயாவின் ஆப்பைப் போனில் இறக்க வேண்டும். படங்களைப் பார்க்கலாமா, மெசேஜைப் படிக்கலாமா, யார் யார் நம்பர் இருக்கிறதென்று எடுத்துக்கொள்ளலாமா என்று அது பணிவாகக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘சம்மதம்’ தட்டினால் டோக்கன் வரும். தட்டியவர்கள் அத்தனை பேரும் கால் கிலோ வெங்காயத்துக்கு அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர்கள். இங்கே மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் தையற்காரரும் தட்டினார். ஐயா கண்ணை மூடினார்.

“உன் சம்சாரத்துக்குப் பித்தப்பையில கல்லு. வர்ற வியாழன் காலைல எட்டு மணிக்கு ஆபரேஷன். சரியா?”

தையற்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “சரிங்கய்யா!”

“கத்தி படக்கூடாது. ரத்து பண்ணு. நாற்பது நாள் நான் குடுக்கிற தண்ணியைக் குடிக்கட்டும்.”

இரண்டு பாட்டிலோடு அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மூன்று மாதமாக இதே கதை.

“கல்லு அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரேங்க.”

“அவருக்கு ஸ்கேன் எடுத்தாதான் தெரியும். ஐயாவுக்குக் கண்ணை மூடினாலே தெரியுதே!”

அக்காவைப் பார்க்க வந்திருந்த கொழுந்தியாள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் ரிப்பேர் கடையில் வேலை பார்ப்பவள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினாள்.

“மாமா, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் பிடிச்சு எனக்கு அனுப்பினீங்களே, எந்தப் போன்ல?”

“இதுலதான்.”

“வியாழன் எட்டு மணின்னு ஆஸ்பத்திரி மெசேஜ் வந்தது?”

“இதுலதான். அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை போங்க. நான் வேற போன் தர்றேன், அதுல டோக்கன் வாங்குங்க. அப்பவும் சரியாச் சொல்லிட்டா, ஆபரேஷனை நானே ரத்து பண்றேன்.”

கடையில் கிடந்த பழைய போன் ஒன்றை எடுத்து, இரண்டு நாள் அதில் என்னென்னவோ ஏற்றிக் கொடுத்தாள். புதன்கிழமை தையற்காரர் அதோடு ஐயாவின் முன்னால் உட்கார்ந்தார். விடிந்தால் ஆபரேஷன். கொழுந்தியாளும் கூடவே வந்து கூட்டத்தோடு நின்றாள்.

ஐயா கண்ணை மூடினார். “உன் வீட்டுல ஒரு ஜீவன் வலியில துடிக்குது.”

“ஆமாங்கய்யா!”

“வெள்ளை நிறம். நாலு காலு.”

தையற்காரர் திரும்பிக் கொழுந்தியாளைப் பார்த்தார்.

“குதிரை! முன்னங்கால் வீங்கியிருக்கு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கத்தி படக்கூடாது.”

“ஐயா... நாங்க இருக்கிறது மூணாவது மாடிங்க.”

ஐயா அசரவில்லை. “படியேறினதாலதான் கால் வீங்கியிருக்கு.”

“போன பிறவிக் குதிரையா இருக்கும்பா,” என்று வரிசையில் அடுத்து நின்ற மருந்துக்கடைக்காரர் பக்தியோடு எடுத்துக்கொடுத்தார். படித்தவர், பாவம்.

“அப்போ போன பிறவியிலேயே வைத்தியம் பார்த்திருக்கலாமே!” என்றபடி கொழுந்தியாள் முன்னால் வந்தாள். “குதிரைப் படத்தை ஏத்தினது நான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்னு குதிரை டாக்டர் பேர்ல மெசேஜ் போட்டதும் நான்தான். ஐயா, நான் போனே கொண்டுவரல. என் வீட்டுக்காரர் பேர் என்னன்னு சொல்லுங்க, பார்க்கலாம்.”

ஐயா நெற்றியைச் சுருக்கினார். “கொஞ்சம் மங்கலாத் தெரியுது...”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல!”

கூட்டம் சிரித்த சிரிப்பில், ஐயாவின் பின்னாலிருந்த திரைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பதறியது: “டோக்கன் நம்பரைக் கேளுங்க! டோக்கன் இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?”

கொழுந்தியாள் திரையை இழுத்தாள். உள்ளே லேப்டாப்பும் மைக்குமாக ஐயாவின் மனைவி. ஐயாவின் நீள முடியை ஒதுக்கினால், காதில் ஒரு குட்டி இயர்போன். அதுதான் அகக்கண்.

மருந்துக்கடைக்காரர் ஐயாவின் சட்டையைப் பிடித்தார். “எங்க மெசேஜையெல்லாம் திருட்டுத்தனமாப் படிச்சியாடா?”

“திருட்டா?” ஐயாவுக்கும் கோபம் வந்துவிட்டது. “கேட்டேன், சம்மதம்னீங்க. உங்க போன்ல டார்ச் லைட் ஆப் இருக்கே, அது உங்க மாமியார் நம்பரைக் கேட்டுச்சே, குடுத்தீங்களே! விளக்கு எரிய மாமியார் எதுக்கு? பெரிய பெரிய கம்பெனிக்காரன் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போறான், அவன் சட்டையைப் பிடிச்சீங்களா? நானாவது எடுத்ததை உங்க முகத்துக்கு நேரா சொன்னேன்!”

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. தலைகள் எல்லாம் அவரவர் போன்மேல் கவிழ்ந்தன.

தையற்காரர் வெட்கத்தோடு வீட்டுக்கு ஓடினார். வியாழன் காலை ஏழு மணிக்கே மனைவியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். கல்லை எடுத்தாயிற்று, அவள் நலம்.

பித்தப்பையில் இருந்த கல்லை எடுக்க டாக்டர் இருந்தார். ‘எதற்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் ‘சம்மதம்’ தட்டுகிறோமே, நம் மண்டைக்குள் இருக்கும் கல்லை எடுக்க எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? அதை அவரவர்தான் யோசித்து யோசித்துக் கரைக்க வேண்டும்.