திங்கட்கிழமை கட்டில் கிடைக்கும்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நலம் என்ற சொல்லை அப்பாவின் விஷயத்தில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும் மாமாவும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் சுகத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்த வாரத் தொடக்கத்தில் நீங்கள் போனில் போட்ட சத்தத்தைக் கேட்டு எங்கள் மாடி வீட்டுக்காரர், "யாருக்கு என்ன ஆச்சு?" என்று செருப்புகூடப் போடாமல் இறங்கி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நீங்கள் என் போனை எடுப்பதில்லை. ஒருமுறை எடுத்தீர்கள், "அந்தக் கல்யாணத்தைப் பத்திப் பேசறதா இருந்தா வெச்சிடு" என்று சொல்லி, நான் வைப்பதற்குள் நீங்களே வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் எதையும் முழுக்கப் படிக்காமல் கிழிக்கிற பழக்கம் உங்களுக்குக் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் என்று யாரும் இல்லை. அவள் வேலைக்குப் போகிறவளா, அவளுக்குப் பிள்ளைகள் உண்டா, அம்மாவின் பீரோ சாவியை இப்போதே கேட்கிறாளா என்று நீங்கள் அடுக்கிய எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லாததற்குக் காரணம் அதுதான். குற்றம் முழுவதும் நான் அனுப்பிய செய்தியுடையது. அதை இங்கே திரும்பவும் எழுதுகிறேன்: "அப்பாவின் மறுவாழ்வுக்கு ஏற்பாடாகிவிட்டது. திங்கட்கிழமை கட்டில் கிடைக்கும். கூட ஓர் ஆண் இருக்க வேண்டுமாம். மாமாவை உடனே அனுப்பவும்." அச்சகத்தில் பகல் முழுக்க மற்றவர்கள் எழுத்தில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதை அனுப்புவதற்கு முன் இரண்டாம் தடவையும் படித்துப் பார்த்தேன். ஒற்று சரியாக இருந்தது, சந்தி சரியாக இருந்தது. "உங்கம்மா போட்டோவுக்கு இன்னும் கண்ணாடிகூட மாத்தல, அதுக்குள்ள கட்டில் வரைக்கும் வாங்கியாச்சா?" என்று நீங்கள் கேட்டபோதுதான் அந்தச் செய்தியை உங்கள் கண்ணால் படித்தேன். படித்துவிட்டுக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பழைய கட்டிலைத்தான், அத்தை.

அது ஆஸ்பத்திரிக் கட்டில். அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டிடத்தில் 'போதை மீட்பு மற்றும் மறுவாழ்வுப் பிரிவு' என்று ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் உங்களுக்கு அனுப்பினேன். ஏனென்றால், உங்கள் போனுக்கு வருகிற எல்லாவற்றையும் உங்கள் கடைக்குட்டி கூடத்தின் நடுவில் நின்று செய்தி வாசிப்பதுபோல் உரக்கப் படிப்பாள். "குடிங்கற எழுத்தே அதுல வரக்கூடாது. அக்கா வீட்டு மனுஷங்க முன்னாடி என் மானம் போயிடும்" என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். குடி வரவில்லை. கல்யாணம் வந்துவிட்டது.

அப்பா குடிப்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்பது தெரியாது. நீங்கள் வரும்போதெல்லாம் அவர் பல் தேய்த்து, தலை வாரி, நாள்காட்டிப் படம் மாதிரி உட்கார்ந்திருப்பார். அவர் கைகளை மட்டும் தொடைக்கு அடியில் வைத்திருப்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கவனித்தால் நடுக்கம் தெரிந்திருக்கும். அவர் லிஃப்ட் மெக்கானிக், அத்தை. அந்தக் கைகளை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் மேலே போகிறார்கள், கீழே வருகிறார்கள். போன மாதம் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை பார்த்தவர், அப்படியே அதன்மேல் தூங்கிவிட்டார். கீழே நின்ற மேஸ்திரி குறட்டைச் சத்தம் கேட்டு மெயின் சுவிட்சை அணைக்காமல் இருந்திருந்தால், மேல் மாடியில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருந்தால், இந்தக் கடிதம் வேறு மாதிரி ஆரம்பித்திருக்கும். மேஸ்திரி வீட்டுக்கே வந்து, "அண்ணே, வைத்தியம் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் லிஃப்ட் குழிக்குள்ள கால் வெக்காதீங்க. உங்க பொண்ணு மூஞ்சியில நான் முழிக்கணும்" என்றார். அன்றைக்கு நான் முடிவு செய்தேன். அதிலிருந்து ஓர் அங்குலமும் நகர்வதாக இல்லை.

"ரூம்ல போட்டுப் பூட்டி வெச்சா தானா விட்டுடுவான்" என்று நீங்கள் சொல்வீர்கள். பூட்டவே வேண்டியிருக்கவில்லை. போன மழைக்காலத்தில் அவராகவே ஒரே நாளில் நிறுத்திப் பார்த்தார். இரண்டு நாள் கழித்து, இல்லாத கம்பிகளைச் சுவரிலிருந்து பிடுங்க ஆரம்பித்தார். பிறகு வலிப்பு வந்தது. உங்களுக்குக் காய்ச்சல் என்றுதான் சொன்னோம். இப்படித் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தாங்காது, மருந்து கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும் என்று பிறகு டாக்டர் சொன்னார். கட்டில் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு.

சரி, கட்டில் இருக்கிறது, ஆள் இருக்கிறார், போய்ப் படுக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் கூட்டிப்போனபோது விசாரணை ஜன்னலில் குனிந்து, முடிந்தவரை மெதுவாக, "போதைப் பிரிவு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர், "போதையா? என்ன போதை? குடியா, மாத்திரையா, சத்தமா சொல்லும்மா!" என்றார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை முழுவதும் எங்களைப் பார்த்துத் திரும்பியது. அப்பா விறைத்துக்கொண்டு முன்னால் வந்து, "நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க" என்றார். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன வார்த்தைதான். ஆனால் உள்ளே இருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "அப்பாடா! வந்துட்டீங்களா? காலையிலேர்ந்து போன் மேல போன் போடறோம், நாலு பேஷண்ட்டைத் தூக்கிட்டுப் படியேறியாச்சு, வாங்க வாங்க!" என்று அப்பாவின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் "சார், சார்" என்று பின்னாலேயே ஓடினேன். "பொண்ணா? உதவிக்கு வந்திருக்கா? நல்லது, டார்ச்சைப் பிடிக்கட்டும்" என்றார்கள். அப்பா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் லிஃப்டைச் சரிசெய்து முடிப்பதற்குள் வெளிநோயாளிப் பிரிவைப் பூட்டிவிட்டார்கள். எல்லோரும் அப்பாவுக்குக் கை கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். வைத்தியம் மட்டும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்பா, "ஆஸ்பத்திரி போய்ட்டு வந்ததும் ஒரு தெம்பு வந்திருக்கும்மா" என்றார்.

அடுத்த தடவை நான் ஜன்னல் பக்கமே போகவில்லை. நேராகப் பின்கட்டிடம். ஜலதோஷம் பிடித்த ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ஐயா, நீங்களா விருப்பப்பட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். "பொண்ணு விருப்பப்பட்டுச்சு" என்றார் அப்பா. "உங்களுக்கு?" "பொண்ணு சொன்னா சரிதானுங்க." "அது போதாதுங்க ஐயா. இங்க யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்க்கறதில்ல. எனக்கு வேணும்னு உங்க வாயால சொல்லணும்." அப்பா கூரையைப் பார்த்தார். பிறகு, "டாக்டரம்மா, நம்ம லிஃப்ட்டு இப்ப மூணாவது மாடியில குலுக்குதா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. டாக்டரம்மாவுக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டுச் சொன்னார்: வைத்தியத்துக்குக் காசு கிடையாது, திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகிறது. இரண்டே நிபந்தனை. ஆண்கள் வார்டு என்பதால் துணைக்கு ஓர் ஆண் வேண்டும், அவர் குடிக்காதவராக இருக்க வேண்டும். அப்பா 'வேணும்' என்ற அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

சொல்லை நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் காபி போடும்போது, "வேணுமாப்பா?" என்று கேட்டுப் பழக்குகிறேன். "கொஞ்சம்" என்கிறார். அதாவது காபியை. விடமாட்டேன். ஆனால் ஆணுக்கு நான் எங்கே போவேன்? மேஸ்திரிக்கு லீவு கிடையாது. மாடி வீட்டுக்காரர் கேட்டவுடனே தன் முதுகுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மிச்சம் இருப்பவர் மாமாதான். இத்தனை வருஷமாக, "என் வீட்டுக்காரரைப் பாரு, ஒரு சொட்டு தொடமாட்டார். பல்வலி வந்தாக்கூடக் கிராம்பைத்தான் கடிச்சுக்குவார்" என்று அப்பாவைக் குத்திக்காட்டி வந்திருக்கிறீர்கள். அந்தச் சுத்தமான மனிதரைக் கொஞ்ச நாள் கடன் கொடுங்கள் என்று கேட்கிறேன். அவர் பக்கத்தில் இருந்தாலே அப்பாவுக்குப் புத்தி வரும். கையோடு கிராம்பு டப்பாவையும் கொடுத்தனுப்புங்கள். மாமா வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை நான் அப்பாவோடு அந்த வாசலில் நிற்பேன். துரத்தினால் செவ்வாய்க்கிழமையும் நிற்பேன். அம்மா போன பிறகு அவருக்கு என்னையும் லிஃப்டையும் விட்டால் யாரும் இல்லை. லிஃப்ட் இரண்டு பக்கமும் போகும். நான் ஒரு பக்கம்தான் போவேன்.

உங்கள் கோபம் இதற்குள் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். ஆறாவிட்டாலும் எனக்கு உங்கள் ஆசி வேண்டும். கோபத்தோடு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் கடைக்குட்டிக்கு அன்பு. இந்தக் கடிதத்தை அவள் மனதுக்குள் படிக்கக் கடவள்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (இந்த ஒரு விஷயம் தவிர),
தம்பி மகள்

பி.கு.: வியாழக்கிழமை எழுதிய கடிதம் இது. தபால்தலை வாங்க மறந்து பைக்குள்ளேயே இருந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை. வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி நீங்கள் அனுப்பிய மாமா காலையில் வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வண்ணக் காகிதம் சுற்றிய சுவர்க்கடிகாரம். நிறுத்த வந்தவருக்குப் பரிசு எதற்கு என்று கேட்டேன். "நிறுத்த முடியலேன்னா வெறுங்கையோடவா நிக்கறது?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "அட, இவ்வளவுதானா!" என்று சிரித்தார். அதன் பிறகு ஆஸ்பத்திரி வரும்வரை கிராம்பை மென்றுகொண்டே வந்தார்.

வார்டில் இன்று வேறு டாக்டர், வயதானவர். அவர் எங்களைக் கூப்பிட்ட நேரத்தில் அப்பா லிஃப்டுக்குள் நின்று அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய் இழுத்துக்கொண்டு வருவதற்குள், கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நோயாளி நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசியா எப்பக் குடிச்சீங்க?"

"நேத்துங்க. பல்வலிக்கு."

"பல்வலி தினமும் வருமா?"

"சாயங்காலமானா வந்துடும்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாதுங்க. கிராம்பு போட்டுக்குவேன்."

"விடறதுக்கு வைத்தியம் வேணுமா உங்களுக்கு?"

மாமா கடிகாரத்தின் வண்ணக் காகிதத்தை நீவிவிட்டார். பிறகு, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. வேணும்" என்றார்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் அப்பா என் கையை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார். "டாக்டர்! அது அவரு இல்ல, நான்! நான்தான் குடிகாரன்! அது என் பெட்டு!"

"மாப்ளே, நான்தானே முதல்ல வேணும்னேன்?" என்றார் மாமா.

"அத்தான், வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? போன வாரமே வந்து உட்கார்ந்தவன் நான்!"

"உட்கார்ந்தே, சரி. வேணும்னு சொன்னியா?"

"இப்பச் சொல்றேன்! வேணும்! எனக்கு வேணும்! எழுதுங்க டாக்டர்!"

காபிக்குக்கூட 'கொஞ்சம்' என்று மட்டுமே சொன்னவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார். எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "இதுல துணைக்கு வந்தவர் யாரும்மா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையாக இருக்கும் அவருடைய அண்ணன் நல்ல மனிதர். "ஒருத்தரைப் பாத்துக்கறதும் ஒண்ணுதான், மூணு பேரைப் பாத்துக்கறதும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டார். கடிகாரத்தை வார்டுச் சுவரில் மாட்டியாயிற்று. அப்பா கட்டிலில் படுத்தபடியே, அது சாய்ந்திருக்கிறது என்று மாமாவை அதட்டிக்கொண்டிருக்கிறார். கைகளை வெளியேதான் வைத்திருக்கிறார். நடுங்குகின்றன. இங்கே அதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

ஆகவே அத்தை, மேலே எழுதியதில் சில திருத்தங்கள். 'மாமாவைக் கடன் கொடுங்கள்' என்பதை அடித்துவிடவும். 'சுத்தமான மனிதர்' என்பதையும். நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னவர் மாமாதான். நேரில் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லையாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டார்: "குடின்னு மட்டும் எழுதாதம்மா. உங்க அத்தை தாங்கமாட்டா. நல்ல வார்த்தையாப் போட்டு எழுது." அவர் விருப்பப்படியே எழுதுகிறேன்:

மாமாவின் மறுவாழ்வுக்கு ஏற்பாடாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை கட்டில் கிடைக்கும். நீங்கள் உடனே புறப்பட்டு வரவும். வரும்போது ஒரு போர்வை கொண்டு வரவும். கிராம்பு வேண்டாம்.