வரைவேட்டுக் குற்றம்

எந்த நிலப்படத்திலும் இடம்பெறாத வெண்டலை நாட்டில் அறிவுக்குத் திரை போடும் வழக்கம் இருந்தது. அந்நாட்டு அறிஞர்கள் அரசுக் களஞ்சியத்து நெல்லை உண்டு ஆராய்ந்தார்கள். கண்டறிந்ததை ஏட்டில் எழுதித் திரைமண்டபத்தாரிடம் இலவசமாக ஒப்படைத்தார்கள். மண்டபத்தார் அதை வேறிரு அறிஞர்களிடம் கொடுத்துப் பிழை பார்க்கச் செய்வார்கள். அவர்களுக்குக் கூலி இல்லை, பெருமை உண்டு. பிறகு அந்த ஏட்டின்முன் ஒரு பட்டுத்திரை தொங்கும். அதை விலக்கிப் படிக்க விரும்புபவர், எழுதியவரே ஆனாலும், நெல் அளந்தாக வேண்டும். இதை யாரும் குறையாகக் கருதவில்லை. திரை கனமாக இருந்தால் உள்ளே இருக்கும் அறிவும் கனமானது என்பது அந்நாட்டார் துணிபு.

அரசு நூலகத்தின் தலைவி நப்பின்னைக்கு அத்துணிபு இல்லை. திரைமண்டபத்துக்குச் செல்லும் அறிஞரை வழிமறித்து, அடித்தலும் திருத்தலுமான முதல் வரைவைக் கேட்டு வாங்கி நூலகத்தில் வைப்பது அவள் வழக்கம். செம்மை செய்த ஏடு மட்டுமே மண்டபத்தாருக்கு உரியது என்று சட்டம் சொல்லிற்று. வரைவைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. அறிஞர்களுக்கோ வரைவைக் காட்டுவது அழுக்குத் துணியோடு அவைக்கு வருவதற்கு ஒப்பான வெட்கம். பலர் அதை அடுப்பில் போட்டுவிட்டே புறப்படுவார்கள்.

ஆற்றங்கரை ஊர்களில் நடுக்கச் சுரம் பரவியபோது, முதிய மருத்துவர் அழகர்நம்பி நூலகத்துக்கு மூச்சிரைக்க வந்தார்.

"நப்பின்னை, என்னோட சுரக் கஷாய ஏட்டைக் காட்டும்மா. எது எத்தனை பங்குன்னு பாக்கணும்."

"நீங்க எழுதினதுதானே, ஐயா?"

"எழுதி எத்தனை காலமாச்சு! பங்கு மாறினா மருந்தே நஞ்சு. திரைக்காரன்கிட்டப் போனேன். எழுதினவர்ங்கிறதுக்காகச் சலுகை கிடையாதுன்னுட்டான்."

"வரைவு எங்கிட்ட இருக்கு."

"அந்தக் கிறுக்கலா? குடுத்தேனா என்ன?"

"எங்கே குடுத்தீங்க? திட்டிக்கிட்டே வீசிட்டுப் போனீங்க. நான் பொறுக்கி வச்சேன்."

அன்றே அவள் படியெடுக்கத் தொடங்கினாள். படிகள் படகேறி ஊர் ஊராகச் சென்றன. சுரமும் தணியத் தொடங்கியது. உடனே திரைமண்டபத்தார் அரண்மனைக்கு ஓடினர்.

அமைச்சர் கீர்த்திவாகனர் முரசறைவித்து அறிவித்தார்: "குடிமக்களே! இன்றுமுதல் அறிவு அனைவர்க்கும் திறந்தது! படிப்பவர் ஒருபிடி நெல்லும் அளக்க வேண்டா. திரையிழுக்கும் கூலியை எழுதியவரே செலுத்துவார்."

"எழுதினவங்க கையில நெல் இல்லேன்னா, ஐயா?" என்று கூட்டத்திலிருந்து நப்பின்னை கேட்டாள்.

"அவ்வாறாயின், திறக்கத் தகுந்த எதையும் அவர் எழுதவில்லை என்று பொருள்."

முதலில் திறந்த ஏடு, வெற்றிலைக்கு மணமூட்டுவது குறித்து அமைச்சரின் மைத்துனர் எழுதியது. மக்கள் வரிசையில் நின்று அதை இலவசமாகப் படித்தார்கள். நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினார்கள். கூலி செலுத்த நெல்லில்லாத அழகர்நம்பியின் ஏட்டுக்கு முன்னிருந்த திரை அசையவில்லை.

அடுத்த ஆணை வரைவுகளைப் பற்றியது. அடித்த சொற்களைக் கண்டால் அறிஞர்கள்மேல் மக்களுக்கு மதிப்புக் குறையும். ஆகவே வரைவுகள் எரிக்கப்படும். காவலர்கள் நூலகத்தையும் ஊர்களையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள். படியை இழந்த ஊரார் நினைவில் இருந்ததைக் கொண்டு கஷாயம் காய்ச்சிக் குடித்து வாந்தியெடுத்தார்கள். நோயாளிகளுக்கு நடுவில் இருந்த அழகர்நம்பியும் சுரம் கண்டு பிதற்றத் தொடங்கினார். சுரம் ஆற்றைக் கடந்து தலைநகருக்குள் நுழைந்தது. அதற்கு எந்தத் திரையும் தடையாக இல்லை.

ஒளித்துவைத்த கடைசிப் படியைப் படகோட்டி ஒருவனிடம் கொடுக்கையில் நப்பின்னை பிடிபட்டாள்.

அமைச்சரும் வந்து அமர்ந்திருந்த அவையில் நடுவர் வச்சிரவேலர் அந்தப் படியை இரு விரல்களால் தூக்கிப் பிடித்தார். "குற்றப்பொருளைப் படிப்பதும் குற்றம் ஆதலின், நாம் இதனைப் படிக்கவில்லை. படியாமலே இது பிழையுடையது எனத் தெளிந்தோம். இதனை எரிக்க. இவள் கைகள் இனி ஏட்டைத் தொடலாகாது, விலங்கிடுக."

"பிழை இருக்கு, ஐயா," என்றாள் நப்பின்னை. "அடிச்சுத் திருத்தியும் இருக்கு. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவையில் எவரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார். ஏடு எரிந்தது. விலங்கு பூட்டப்பட்டது. அவை கலைந்தது.

அப்போது நடுவர் வீட்டுப் பணியாள் ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னான். வச்சிரவேலர் இருக்கையை விட்டு இறங்கி, மேலாடையைச் சரிசெய்வது போல் நப்பின்னையின் அருகில் வந்தார்.

"ஏம்மா... எம்பொண்ணு காலையிலேருந்து நடுங்குறா. திரைக்குள்ள இருக்கிற ஏட்டைத் திறக்கலாம்னா, கூலி அளக்கவேண்டிய வைத்தியரே பிதற்றிக்கிட்டிருக்கார். அந்த வரைவு இன்னொண்ணு எங்கேயாவது இருக்கா?"

"கடைசி ஏட்டை இப்பதானே எரிச்சீங்க."

"உனக்கு ஞாபகம் இருக்குமே?"

"இருக்கு. எத்தனை தடவை எழுதியிருக்கேன்! வாயால சொன்னா வீடு போறதுக்குள்ள பங்கு மாறிடும், பொண்ணு உயிர் விஷயம். எழுதித்தான் தரணும்." அவள் இரு கைகளையும் நீட்டினாள். "முதல்ல இதைக் கழட்டச் சொல்லுங்க."

அமைச்சர் போய்விட்டாரா என்று நடுவர் அச்சத்தோடு திரும்பிப் பார்த்தார். அமைச்சர் போகவில்லை. ஒரு கையில் விலங்கின் திறவுகோலும் மறுகையில் வெற்றேடுமாக, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.