எண்ணெய் போகாத முள்

"நவம்பர் 3, திங்கள். புதுப் பேனா முள்ளைத் துடைக்காமல் அப்படியே மையில் தோய்த்துவிட்டேன். வகுப்பே பார்த்தது. தவறு என்னுடையதுதான்."

இதை ஹேசல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினாள். மையில் தொட்டெழுதும் பேனா இன்னும் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

நூலக மாடியில் அழகெழுத்துக்கான மாலை வகுப்பு. கற்றுக்கொடுக்கும் ஃப்ளோராவுக்கு அவள் வயதுதான் இருக்கும். "முள்ளு துருப்பிடிக்காம இருக்க, செய்யிற இடத்துலயே எண்ணெய் தடவித்தான் அனுப்புவாங்க. பற்பசை போட்டுத் தேய்ங்க, நல்லாக் காயவிட்டு எழுதுங்க. ஒரு தடவை போதும்" என்றாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள கை படிஞ்சிடுமா?"

"என்ன எழுதணும்?"

"அம்மாவோட சவப்பெட்டி மேல வைக்கிற பூவுக்கு ஒரு அட்டை."

ஃப்ளோரா தன் பெட்டியிலிருந்து இன்னும் சில முள்களை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

அச்சடித்த அட்டை பூக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் ஊரார் அடக்கத்தில் அப்படி ஒன்றைக் கண்டால், "முட்டைக்கோஸுக்கு விலை ஒட்டின மாதிரி இருக்கு" என்று காதோரம் சொல்லிச் சிரித்தவள் அம்மா டாஃப்னி. அவளுக்கே அதை எப்படி வைப்பது?

வீட்டுக்கு வந்ததும் முள்களைத் தேய்த்தாள், கழுவினாள், காயவைத்தாள், மிட்டாய் டப்பாவில் அடுக்கிச் சமையலறை மேசையில் வைத்தாள். ஒரு நாள் சுத்தம், மறுநாள் எழுத்து. எதையும் முறைப்படி செய்தால் தப்பு வராது என்று நம்புகிறவள்.

செவ்வாயன்று வேலை முடிந்து வந்து எழுத உட்கார்ந்தாள். மை தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு, முள்ளின் நுனியில் ஊசலாடி, 'அம்மா'வின் மேலேயே பொத்தென்று விழுந்தது. முள்ளைத் தடவிப் பார்த்தாள். எண்ணெய்.

'ஒரு தடவை போதும் என்றாளே! எனக்கு ஒரு முள்ளைக்கூடத் துடைக்கத் தெரியவில்லையா?'

அப்பா நார்மன் எட்டிப் பார்த்தார். ஆயுசு முழுக்க லேத் பட்டறையில் இருந்தவர். அம்மா போனதிலிருந்து அவர் பேசியதெல்லாம் மழையும் புல்வெட்டும் இயந்திரமும்தான். கண்ணில் ஒரு துளி இல்லை.

"வீட்டுல பால்பாயிண்ட் இல்லையா?"

"இது அம்மாவுக்குப்பா."

"ம்."

"அட்டையில உங்க பேரையும் போடவா?"

"உன் இஷ்டம்."

ஃப்ளோராவைத் தொலைபேசியில் பிடித்தாள். "அப்படின்னா உருளைக்கிழங்குல குத்தி வைங்க, எண்ணெய இழுத்துடும்" என்றாள் அவள். முள்கள் குத்திய கிழங்கு மேசைமேல் முள்ளம்பன்றிக் குட்டிபோல உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்குச் சாப்பாடு இதுவா?" என்றார் அப்பா.

"இது முள்ளுக்கு."

"எனக்கு?"

"பீன்ஸ் டப்பா இருக்கு."

பிறகு அத்தனையையும் சோப்புப் போட்ட கொதிநீரில் கொட்டினாள்.

"தண்ணியிலயா போடுற?"

"பின்ன? சுத்தமாகணும்ல!"

அப்பா அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புதன் காலை டப்பாவைத் திறந்தால், முள்கள் முன்னைவிட மினுமினுத்தன. எடுத்தால் விரலிலிருந்து வழுக்கின. ஹேசலுக்கு அழுகை வந்தது. முறைப்படி நடப்பதையெல்லாம் மூட்டைகட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்து, முள்களைத் தீயில் காட்டினாள். எண்ணெய் புகைந்தது. கூரையிலிருந்த புகை மணி அலறியது. முள்கள் மயில் கழுத்தாய் நீலம் பாய்ந்து, தொட்டதும் வளைந்தன.

அப்பா ஓடிவந்து துடைப்பக் கட்டையால் மணியை அடக்கினார். நீல முள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவருக்கு முகமே வாடிப்போனது.

"முள்ளோட முறுக்கே போச்சே! இரும்ப இப்படியா படுத்துவாங்க?"

"அம்மாவைவிட உங்களுக்கு இரும்புதான் பெரிசா? அம்மாவுக்காக ஒரு சொட்டு கண்ணீர் விட்டீங்களா?"

அவர் கொல்லைக் கொட்டகைக்குப் போய்விட்டார். அட்டையில் தன் பெயரை மட்டும் எழுதுவது என்று ஹேசல் முடிவு செய்தாள்.

ஆண்டுதோறும் நவம்பர் ஐந்தில் நடப்பதுபோல் அன்று மாலை தெருவெங்கும் வாணவேடிக்கை. தீயில் காட்டாமல் விட்ட நாலைந்து முள்களை வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து வீட்டு பெரில் பின்கதவைத் தட்டினாள். கையில் பன்றி இறைச்சியும் பட்டாணியும் வேகவைத்த கிண்ணம்.

"சாப்பிடு கண்ணு. எலும்பும் தோலுமா ஆயிட்ட. அப்படியே உங்கப்பாகிட்டேருந்து என் தையல் மெஷின் எண்ணெயை வாங்கிக் குடு. எனக்குத் தைக்கிற வேலை கெடக்கு."

"உங்க எண்ணெய் அவருக்கு எதுக்கு ஆன்ட்டி?"

"கொட்டகையில இருக்கிறது கெட்டி எண்ணெயாம், உன் பேனா முள்ளுக்கு ஆகாதாம். நேத்தும் இன்னிக்கும் விடியக்காலைல எங்க ஜன்னல்லேருந்து பாத்தேன். நீ தூங்குற, மனுஷன் மேசையில உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணெய் தடவுறாரு. என்னய்யா இதுன்னு கேட்டா, 'டாஃப்னிக்கு எழுதப்போற முள்ளு பெரில், எம்பொண்ணு தண்ணியில போட்டுப் போட்டு எடுக்குறா, துரு ஏறிடும்'னு சொல்லிட்டுக் குழந்தை மாதிரி அழுறாரு."

"நவம்பர் 5, புதன். நாளைய வேலை: மதியம் புது முள் ஒன்று வாங்க வேண்டும். வெளியிலேயே துடைத்து, அட்டையை எழுதிப் பூக்கடையில் கொடுக்க வேண்டும். இரண்டு பெயர், அப்பா பெயர் முதலில். பழைய டப்பாவை அப்பாவுக்காக மேசையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்."