ஒன்பதாம் வரிசை முனையில் ஒரு குரல்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீயும் அத்தானும் சுகம்தானே? நீ ஆசையாகக் காத்திருந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதை விடுகிறேன். ராஜினாமா கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன், சின்ன அறையில் இருக்கும் தையல் மெஷினை ஒதுக்கி வை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்பதை மட்டும் நான் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்.

எனக்கு இந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். என்னை இங்கிருந்து விரட்டுவது பயமில்லை, விதிமுறை. எங்கள் கிடங்கில் அடுக்குகள் கூரையைத் தொடும்; முனைக்கு அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதனால் திரும்புமுன் வண்டியை நிறுத்தி இரண்டு ஹாரன் அடிக்க வேண்டும். அங்கே ஆள் இருந்தால் "இருக்கேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தவர் கண்ணில் படும்வரை வண்டி நகரக் கூடாது. ஒன்பதாம் வரிசை முனையில் எனக்குக் குரல் வருகிறது, ஆள் வருவதில்லை. குளியலறைக் கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் சொல்வாரே, அதே தொனியில் "இருக்கேன்". முதல் நாள் பதினோரு நிமிஷம் காத்திருந்தேன். பிறகு சுமை தூக்கும் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை, காலிப் பாதை. ஏறி உட்கார்ந்து மறுபடி ஹாரன் அடித்தேன். "இருக்கேன்." இப்போது கொஞ்சம் பக்கத்தில். பாதுகாப்புக் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன் அக்கா, இருக்கேன் என்று சொல்லிவிட்டு இல்லாமல் இருப்பவரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆகவே மூன்று மாதமாக ரிவர்ஸ் எடுத்துச் சுற்றிப் போகிறேன், லோடு தினமும் தாமதம். மற்ற டிரைவர்களுக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. அவர்கள் ஹாரனே அடிப்பதில்லை, கேட்டால்தானே கேட்கும்.

சூப்பர்வைசருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பட்டப்பெயர். இன்று எல்லார் முன்னாலும் கத்தினார்.

"ஆளே இல்லாத இடத்துல யாருக்கும்மா வழி விட்டுக்கிட்டு இருக்கே?"

"பதில் சொல்றவங்களுக்கு சார்."

"நாளைக்கு நேரா போறே. சுத்திப் போனா லைசென்ஸைப் பிடுங்கிடுவேன்."

குரல் கேட்டபின் வண்டியை எடுக்க எனக்குக் கை வராது. அதனால்தான் ராஜினாமா. நாளை கடைசி நாள்.

அத்தானுக்கு வணக்கம், பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கும்,

உன் தங்கை.

பி.கு.: நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. அறையை ஒழிக்காதே. இன்று காலை ஒரு டன் டைல்ஸ் பெட்டியோடு அந்த முனையில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். பதில் வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் முறை. விதிப்படி போகலாம், ஆனால் தினமும் பதில் சொன்னவர் இன்று ஏன் சொல்லவில்லை? இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடுக்கை ஒட்டிக் குத்துக்காலிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சூப்பர்வைசர். குரல் எதுவும் வராது என்று நிரூபிக்க வந்து ஒளிந்திருக்கிறார்.

"நான் மூச்சே விடலையேம்மா! எப்படி நின்னே?"

"அதனாலதான் சார்."

ராஜினாமாவை அவரே கிழித்தார். மத்தியானம் என் வண்டிக்குப் பத்தடி பின்னால் நடந்து வந்தார். நான் இரண்டு ஹாரன் அடித்தேன். வழக்கம்போல் பதில் வந்தது. திரும்பிப் பார்த்தேன், அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சுத்தியே போம்மா," என்றார்.