வேட்பாளரை நான் கேக் ஆக்கிய நாள்

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரியும் என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய மடத்தனம். அதையும் வீட்டுக்குள் வைத்துச் செய்யவில்லை. ஒரு மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு செய்தேன்.

பிரெஞ்சு பேசும் கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. இடியப்பம், ரோல்ஸ், பிறந்தநாள் கேக். கடைக்கு முன்னால் ஒரு நாற்சந்தி. குறுக்குத் தெருவில் ஸ்டொப் பலகை உண்டு, எங்கள் தெருவில் இல்லை. கார்கள் பறக்கும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு மாரிகாலம், எங்கள் வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி பிள்ளையை வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடந்தாள். ஒரு கார் வண்டிலின் முன்சில்லை உரசிக்கொண்டு போனது. சில்லு வளைந்துவிட்டது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவள் என் கடைக்குள் வந்து, பிள்ளையை இறுக்கி அணைத்தபடி அரை மணித்தியாலம் நின்றாள். அதற்குப் பிறகு வேகமாகப் போகிற ஒவ்வொரு காரையும் பார்த்து, வாசலில் நின்று கரண்டியை ஆட்டிக் கத்துவதுதான் என் வேலை. (ஒரு காரும் நிற்கவில்லை. கரண்டிக்கு எவன் பயப்படுவான்?)

அப்போதுதான் நகரசபைத் தேர்தல் வந்தது. வாக்குக் கேட்டு ஒருவர் கடைக்குள் நுழைந்தார். நுழையும்போதே கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். அவ்வளவு உயரம். அன்றே அவருக்கு ‘நெட்டையர்’ என்று பெயர் வைத்துவிட்டோம். நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் சந்தியைப் பற்றிக் கத்தினேன். மனிசன் ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், தானே தெருவைக் கடக்கப் பார்த்தார். இரண்டு அடி வைத்தவர், ஒரு வான் வண்டி வர, துள்ளித் திரும்பி ஓடி வந்தார். “நான் வென்றால் இங்கே பலகை வரும்” என்றார். மூச்சு வாங்கியது. அந்த மூச்சை நான் நம்பினேன்.

“தேவாலய மண்டபத்தில் கூட்டம் இருக்கிறது. இந்தத் தெருக் கடைக்காரராக எனக்காக நாலு வார்த்தை பேசுவீர்களா? ஆங்கிலம் போதும்.”

என்னிடம் அதுவரை யாரும் பேசக் கேட்டதில்லை. எங்கள் சங்கங்கள் கூட்டம் வைத்தால் என்னிடம் ரோல்ஸ்தான் கேட்கும். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. “பிரெஞ்சிலேயே பேசுகிறேன்” என்று சொல்லிவிட்டேன்.

என் மனைவி ஜெசிந்தா பிள்ளைகள் காப்பகத்தில் வேலை செய்கிறாள். நல்ல பிரெஞ்சு. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் தமிழ் எழுத்தில் எழுதினேன்.

“இஞ்சேருங்கோ, பிரெஞ்சு எழுத்திலயே எழுதித் தாறன். தமிழில எழுதினாப் பிழைக்கும்.”

“இருநூற்று நாப்பத்தேழு எழுத்து இருக்கடி எங்களிட்ட. அவங்களிட்ட இருபத்தாறு. எது பிழைக்கும்?”

“பேந்து என்னைக் குறை சொல்லக் கூடாது.”

“நீ சொல்லு.”

அவள் சொன்ன முக்கியமான வசனம் இது: இந்த மனிதர் எங்கள் வட்டாரத்துக்குக் கிடைத்த பரிசு, எல்லோரும் இவரை எடுத்துக்கொள்ளுங்கள். பரிசுக்குப் பிரெஞ்சில் ‘கதோ’. கடலில் வரும் க. கேக்குக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஆனால் அதில் தங்கத்தில் வரும் க. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க. அந்தக் கேக் என்ற சொல்லைத்தான் நான் கடையில் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் சொல்கிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள், கிரேக்கர், ஹெயிட்டிக்காரர், பழைய கியூபெக் கிழவர்கள். நான் கோட் போட்டிருந்தேன். கலியாணக் கோட். பொத்தான் பூட்டவில்லை. தாளைப் பிரித்தேன். கண் அந்தச் சொல்லைக் கண்டது, வாய் பழக்கத்தில் கடைச் சொல்லைச் சொன்னது.

“இந்த மனிதர் எங்கள் வட்டாரத்துக்கு ஒரு கேக். எல்லோரும் எடுங்கள்!”

மண்டபம் சிரித்தது. எனக்குக் கைதட்டலும் சிரிப்பும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இன்னும் உரத்துச் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். உற்சாகம் தலைக்கேறி, தாளில் இல்லாததையும் சேர்த்தேன். அவர் அரசியலுக்குப் புதியவர் என்று சொல்ல நினைத்தேன். எனக்குத் தெரிந்த ‘புதிது’ கடையில் சொல்லும் புதிதுதான்.

“பழசில்லை! இன்று காலை செய்தது!”

நெட்டையர் முகத்தைக் கையால் மூடினார். (உணர்ச்சிவசப்பட்டு அழுகிறார் என்று நினைத்தேன்.) கடைசி வரிசையில் ஒரு கிழவர் எழும்பிக் கேட்டார்: “எத்தனை துண்டு?”

இது கடையில் என்னிடம் தினமும் கேட்கும் கேள்வி. யோசிக்காமல் பதில் சொன்னேன். “இருபத்து நாலு.”

சொன்ன பிறகுதான் மண்டைக்குள் மணி அடித்தது. தேர்தல் கூட்டத்தில் இவன் ஏன் துண்டு கேட்கிறான்? ஜெசிந்தாவைப் பார்த்தேன். அவள் கைப்பையால் முகத்தை மறைத்திருந்தாள். கைப்பை குலுங்கியது.

எனக்கு வெட்கம் வந்தால் உடனே கோபமாக மாறிவிடும். தாளைக் கசக்கி எறிந்தேன். வளைந்த அந்தச் சில்லு கண்ணுக்குள் வந்தது. தெரிந்த நாலு சொல்லையும் ஒவ்வொன்றாக, மேசையில் குத்திக் குத்திக் கத்தினேன்.

“பிள்ளை! கார்! வேகம்! பலகை இல்லை!”

சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு துண்டு கேட்ட அதே கிழவர் மறுபடி எழும்பினார். ஜெசிந்தா அவர் சொன்னதைப் பிறகு எனக்குச் சொன்னாள்: “அவர் சொல்வது உண்மை. எனக்கு இந்த வயதில் அந்தச் சந்தியைக் கடக்க ஓட வேண்டியிருக்கிறது.” ஒரு கிரேக்கப் பெண் எழும்பினாள். பிறகு வண்டில்காரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். நெட்டையர் மைக்கை வாங்கி, “பலகை வராவிட்டால் என்னை இருபத்து நாலு துண்டாக வெட்டுங்கள்” என்றார்.

வீட்டுக்குப் போகும்போது நான் விறுவிறென்று முன்னால் நடந்தேன். ஜெசிந்தாதான் தொடங்கினாள்.

“என்னப்பா, இருநூற்று நாப்பத்தேழும் சுகமா இருக்கினமோ?”

“வாயை மூடடி.”

“ஓம், மூடுறன். ஆனா ஒண்டு சொல்லுறன். அந்தக் கடைசி நாலு சொல்லும் ஒரு பிழையுமில்லை.”

நெட்டையர் வென்று கவுன்சிலரானார். அடுத்த கோடையில் இரண்டு தொழிலாளர் வந்து எங்கள் தெருவில் சிவப்புப் பலகையை நட்டார்கள். நான் கடையைப் பூட்டிவிட்டு வெளியே நின்று பார்த்தேன். வாக்குப் போட்டது பலர்தான். ஆனால் மேசையில் குத்தியது நான். அதை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கேக் வெட்டுவதில்லை. “கவுன்சிலரை வெட்டுவம் வாங்கோ” என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். போன வருடம் மகளின் கலியாணத்தில், வெள்ளைக்கார மாப்பிள்ளையே கத்தியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்: “மாமா, கவுன்சிலர் எத்தினை துண்டு?”

மண்டபமே சிரித்தது. இந்த முறை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மைக்கை வாங்கி, நல்ல பிரெஞ்சில் சொன்னேன்: “இருபத்து நாலு.”