மூக்கையா கரடிக்கு மயக்கம் தெளிஞ்ச கதை

ஒரு காட்டில், அதாவது ஆளுக்கொரு செல்போன் வந்தும் சிக்னல் மட்டும் வராத ஒரு காட்டில், மூக்கையான்னு ஒரு கரடி இருந்துச்சு. நல்ல கரடி. ரொம்ப நல்ல கரடி. அதுதான் அதுக்கு வியாதியே.

யாரு என்ன கேட்டாலும் மூக்கையாவுக்கு 'மாட்டேன்'னு சொல்ல வராது. மத்த மிருகத்துக்கெல்லாம் கழுத்து மேலயும் கீழயும் ஆடும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். இதுக்கு மேலயும் கீழயும் மட்டும்தான். ஆண்டவன் பூட்டுறப்ப ஒரு ஆணியை விட்டுட்டான் போல. யானை வந்து, "முதுகு அரிக்குதுய்யா, உன் வீட்டுச் சுவத்துல கொஞ்சம் உரசிக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. தலை ஆடிச்சு, சுவரு போச்சு. மயிலு வந்து, "பிள்ளைகளைச் சித்த பாத்துக்கங்கண்ணே, ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துர்றேன்"னுச்சு. தலை ஆடிச்சு. மயிலு இன்னும் வரல. பிள்ளைகளுக்குத் தோகையே முளைச்சிருச்சு.

இதெல்லாம் போகட்டும். போன தையில மூக்கையாவோட மக செம்பகத்துக்குச் சம்மந்தம் பேசினாங்க. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தவசிக் கரடியோட மகன்தான் மாப்பிள்ளை. பையனும் பொண்ணும் ஒண்ணையொண்ணு பாத்துப் பல்லைக் காட்டியாச்சு. பேச்சு முடிஞ்சு, பந்தி முடிஞ்சு, கை கழுவுற நேரத்துல தவசி ஒரு ஏப்பம் விட்டுச்சு.

"சம்மந்தி, வாசல்ல நிக்குதே அந்த இலுப்பை மரம், அதையும் பொண்ணோட அனுப்பிருங்க. வேரோட பேத்துக்கிட்டுப் போறது எங்க பொறுப்பு."

மூக்கையாவோட தலை ஆடிருச்சு.

அந்த மரம்தான் அந்தக் குடும்பத்துக்கே சோறு. பூ உதிர்ந்தா பொறுக்கித் திங்கலாம், காஞ்சா சேர்த்து வைக்கலாம், கிளை முழுக்கத் தேன்கூடு வேற. மூக்கையா பொண்டாட்டி ஒச்சம்மா அன்னைக்குச் சட்டியைக் கீழ போட்ட சத்தம் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டுச்சு.

"ஏங்க, மரத்தைக் கொடுத்துட்டு நாம என்னத்தைத் திங்கிறது? உங்க தலையவா?"

"நான் ஆட்டலடி. அதுவா ஆடிருச்சு."

ஆவணி பிறந்ததும் மரத்தைப் பேக்க வர்றதாப் பேச்சு. ஆடி மாசம் பக்கத்து வீட்டுக் காட்டுப்பன்னி வந்து, "அண்ணே, ஆட்டுக்கல்லை உள்ள வைக்கணும், ஒரு கை கொடுங்க"ன்னு கூப்பிட்டுச்சு. ஒரு கைன்னு கூப்பிட்டுட்டு மொத்தக் கல்லையும் மூக்கையா தலையில கட்டிருச்சு. தூக்குனப்ப அடிவயித்துல 'டப்'புனு ஒரு சத்தம். குடலிறக்கம்.

காட்டு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்றது நண்டு டாக்டரம்மா. பிறவியிலயே ரெண்டு கத்திரி, தனியா வாங்க வேண்டியதில்ல. மயக்க டாக்டர் கட்டுவிரியன். அளவா கடிப்பாரு. கடிச்சதே தெரியாது. கூடக் கொஞ்சம் கடிச்சிட்டாலும் தெரியாது, அப்புறம் எதுவுமே தெரியாது.

மூக்கையாவுக்குக் கத்திரியப் பத்திப் பயமில்ல. பயமெல்லாம் தெளியிறதைப் பத்தித்தான். போன மாசம் முள்ளம்பன்னி ஒண்ணு இதே ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சு எந்திரிச்சு, பக்கத்துக் கட்டில் தலகாணியைக் கட்டிப்பிடிச்சு, "நீ ஏண்டி என்கூட ஓடி வரல?"ன்னு அழுதுச்சு. பொண்டாட்டி பக்கத்துலயே நின்னுச்சு. தலகாணியில பஞ்சு மிச்சமில்ல, வீட்டுல நிம்மதி மிச்சமில்ல.

'எனக்குள்ள எத்தனை வருசத்து மாட்டேன் கிடக்குது! அது பூராவும் வெளிய வந்துட்டா?' மூக்கையாவுக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கட்டுவிரியன்கிட்ட மெதுவாக் கேட்டுச்சு: "டாக்டர், தெளியிற வரைக்கும் என் வாயைத் தச்சு வைக்க முடியுமா?"

"தையலெல்லாம் நண்டம்மா வேலை. நான் கடிக்கிறதோட சரி."

அடுத்து ஒச்சம்மாகிட்ட, "யாரையும் உள்ள விட்றாதடி"ன்னுச்சு.

"எப்படிங்க விடாம இருக்க? பாக்க வர்றவங்களைப் போகச் சொன்னா நாளைக்கு நம்ம வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க."

அதுவும் சரிதானேன்னு மூக்கையா தலை ஆடிச்சு. ஆடுன கழுத்துல கட்டுவிரியன் ஒரு கடி. அவ்வளவுதான்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, கட்டில்ல கொண்டுவந்து போட்டாங்க. கண்ணைத் திறந்ததும் அணில் நர்ஸ் முதுகைத்தான் மூக்கையா பாத்துச்சு. பாத்துக்கிட்டே இருந்துச்சு.

"ஏம்மா, இந்த மூணு கோட்டை யாரு போட்டது?"

"சாமி போட்டதுங்கய்யா."

"நடுக்கோடு கோணலா இருக்கு. ஸ்கேல் வச்சுப் போடச் சொல்லக் கூடாது?"

அப்புறம் மேல தொங்குற குளுக்கோஸ் பாட்டிலைப் பாத்துச்சு. "அடியே ஒச்சு, கூடு கட்டியிருக்குடி, ஒழுகி வீணாப் போகுது பாரு!"ன்னு டியூபைப் பிடிச்சு வாயில வச்சு உறிஞ்சுச்சு. வரலைன்னதும் அந்தக் கம்பியில ஏறப் பாத்துச்சு. ஆஸ்பத்திரிச் சட்டைக்கு முன்னாலதான் துணி, பின்னால வெறும் நாடா. கரடி திரும்பி ஏறுனதுல எதிர்க் கட்டில்ல இருந்த ஆமை தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு. நாலு பேரு சேர்ந்து இறக்கி உக்கார வச்சா, படுத்தபடியே ஒண்ணுக்குப் போறதுக்கு வச்சிருந்த பெட்பேனை எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டு, "மாப்பிள்ளை தலப்பா சரியா இருக்கா?"ன்னு வார்டையே கேட்டுச்சு. நல்லவேளை, அது காலியா இருந்துச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் ஆளுக வந்தாங்க.

நம்ம பக்கத்துல ஒரு பழக்கம் இருக்கு பாருங்க. கட்டில்ல ஒருத்தரு கிடந்தா, போனவங்க சும்மா பாத்துட்டு வர மாட்டாங்க. குனிஞ்சு, மூஞ்சிக்கு நேரா மூஞ்சியை வச்சு, "நான் யாருன்னு தெரியுதா?"ன்னு ஒரு பரீட்சை வைக்கணும். காலு ஒடிஞ்சு கிடக்கிறவன்கிட்டயும் அதே கேள்விதான்.

மொதல்ல ஒச்சம்மாவோட தம்பி சடையன் குனிஞ்சுச்சு. "மச்சான், நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாம என்ன மாப்ள? என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போன ஆளு. மூணு மழை பாத்துருச்சு அந்தச் செருப்பு. இப்பவும் உன் கால்லதான் கிடக்கு, குனிஞ்சு பாரு."

வார்டு மொத்தமும் குனிஞ்சு பாத்துச்சு.

"ஹிஹி, மருந்து பேசுது"ன்னுச்சு சடையன்.

"பாவம், மருந்து பேசுது"ன்னாங்க எல்லாரும்.

அடுத்து காட்டுப்பன்னி. "அண்ணே, என்னைத் தெரியுதா?"

"என் குடலை இறக்கி வச்ச புண்ணியவான். கல்லு உன்னுது, தூக்குனது நானு. நீ முன்னால நின்னுக்கிட்டு 'அப்படித்தான், அப்படித்தான்'னு சொன்னே பாரு, அது எவ்வளவு பெரிய வேலை! உனக்கு வாய் இறங்கலையா?"

கவுன்சிலர் குரங்கும் வந்திருந்துச்சு. முந்தி ரெண்டு பேருக்கு நடந்ததைப் பாத்தும் அதுக்குப் புத்தி வரல. துண்டைச் சரி பண்ணிக்கிட்டு, "என்னையாவது தெரியுதா மூக்கையா?"

"உங்களைத் தெரியாதா தலைவரே? தெருவிளக்கு போடுறேன்னு வந்து, எங்க தெருவுல பறந்துக்கிட்டிருந்த மின்மினியையும் பிடிச்சுக்கிட்டுப் போனவரு."

"மருந்து, மருந்து"ன்னு சொல்லிக்கிட்டே கவுன்சிலரு ஜன்னல் வழியாப் போயிருச்சு.

மூக்கையா திரும்பத் தூங்கிருச்சு. முழிச்சப்ப மண்டை கழுவி விட்ட மாதிரி தெளிவா இருந்துச்சு. ஒச்சம்மா ஒண்ணு விடாம சொல்லிச்சு. சிரிப்பை அடக்க முடியாம நடுநடுவுல அது வயித்தைப் பிடிச்சுக்கிச்சு. ஆபரேஷன் ஆனது யாருக்குன்னே தெரியல.

மூக்கையா போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிச்சு. "செருப்பையுமா சொன்னேன்?"

"செருப்பையும் சொன்னீங்க, பின்பக்கத்தையும் காட்டுனீங்க."

"இனி எந்த மூஞ்சியோட வெளிய போவேன்?"

"பின்பக்கத்தைத்தான் எல்லாரும் பாத்தாங்க, மூஞ்சிக்கு ஒண்ணுமில்ல. ஆனா ஒண்ணுங்க, ஒருத்தரும் கோவிச்சுக்கல. மருந்து பேசுதுன்னுட்டாங்க. சடையன் செருப்பைக் கழட்டி வச்சுட்டுல்ல போயிருக்கான்."

போர்வைக்குள்ள இருந்து ஒரு கண்ணு வெளிய வந்துச்சு. கட்டிலுக்கு அடியில பாத்துச்சு. செருப்பு இருந்துச்சு. சோடியா இருந்துச்சு. மூக்கையா கொஞ்ச நேரம் அந்தச் செருப்பையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அணில் நர்ஸ் ஓடி வந்துச்சு. "ஐயா, மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து உங்க சம்மந்தி வந்திருக்காங்க."

பேரைக் கேட்டதுமே மூக்கையாவோட கழுத்து மேலயும் கீழயும் ஆடத் தயாராயிருச்சு. தவசி பழப்பையும் சொந்தபந்தமுமா உள்ள வந்துச்சு. 'பாக்க வந்த மாதிரியும் ஆச்சு, மரத்தைப் பேக்குற தேதியைக் கேட்ட மாதிரியும் ஆச்சு'ன்னு அது மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சு. ஆனா பழக்கம் விடுமா? குனிஞ்சுச்சு.

"சம்மந்தி, நான் யாருன்னு தெரியுதா?"

போர்வைக்குள்ள ஒச்சம்மா நகம் மூக்கையா தொடையில இறங்குச்சு. நல்லா இறங்குச்சு. மூக்கையா பொண்டாட்டியப் பாத்துச்சு. ஒச்சம்மா பெட்பேனை எடுத்துக் கையில கொடுத்துச்சு.

மூக்கையா அதை வாங்கித் தலையில கவுத்துச்சு.

"தெரியுதே! எங்க வீட்டு மரத்தைப் பொண்ணு பாக்க வந்தவரு."

"நான் தவசி, சம்மந்தி."

"அவரேதான்! எம் மக காபி கொண்டாந்து நின்னப்ப டம்ளரைப் பாத்தீங்க. மரத்தை அண்ணாந்து அண்ணாந்து பாத்து கழுத்து சுளுக்கி, போறப்ப எங்க வீட்டுத் தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுல்ல போனீங்க? உங்க மகன் மரத்துக்கா தாலி கட்டப் போறாரு? மரம் வந்தா மருமக எதுக்கு? மருமக வந்தா மரம் எதுக்கு? மரத்தை நான் தர மாட்டேன்."

சொல்லி முடிச்சதும் அதுக்கே ஆச்சரியமாப் போச்சு. பிறந்ததுல இருந்து சொல்லாத வார்த்தை. நாக்குல ருசியா வேற இருந்துச்சு. இன்னொரு தரம் சொல்லிப் பாத்துச்சு. "மாட்டேன்." கழுத்தும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிச்சு. "மாட்டேன், மாட்டேன், மாட்டேன்."

தவசியோட மூஞ்சி பழப்பைக்குள்ள இருந்த மாதுளை நிறத்துக்கு வந்துச்சு. "டாக்டரைக் கூப்பிடுங்கய்யா! இந்த ஆளு தெளிஞ்சுட்டாரா இல்லையா?"

கட்டுவிரியன் நெளிஞ்சு நெளிஞ்சு வந்துச்சு. நாக்கை நீட்டி மோந்து பாத்துச்சு. "என் மருந்து எப்பவோ இறங்கிருச்சே..."ன்னு ஆரம்பிச்சுச்சு.

மூக்கையா பெட்பேனைக் கொஞ்சம் தூக்கி, டாக்டரை ஒரு பார்வை பாத்துச்சு. "டாக்டர், உங்களையும் யாருன்னு தெரியுது. சொல்லட்டுமா?"

"தெளியல!"ன்னு கத்துச்சு கட்டுவிரியன். "துளிகூடத் தெளியல. கரடிக்கு இந்த மருந்து இழுக்கும். யாரும் எதுவும் கேக்காதீங்க!" காலில்லாத பாம்புக்கு வேகம் கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது போன வேகம் அப்படி.

வார்டே பாத்துக்கிட்டிருக்கு. ஆமைகூடத் தலையை வெளிய நீட்டிருச்சு. தவசியால கோவப்படவும் முடியல, மருந்து மேல எப்படிக் கோவப்படுறது? மரத்தைக் கேக்கவும் முடியல, இத்தனை பேருக்கு நடுவுல எப்படிக் கேக்குறது? கடைசியில காஞ்ச சிரிப்பு ஒண்ணைச் சிரிச்சுச்சு. "மரமா? மரத்தை யாருப்பா கேட்டா? நான் ஏதோ பேச்சுக்குச் சொன்னேன்."

ஆவணியில கல்யாணம் நடந்துச்சு. அந்த இலுப்பை மரத்துக்கு அடியிலயே பந்தல். தவசி அண்ணாந்தே பாக்கல.

இதோட நிறுத்துனா இது பள்ளிக்கூடப் புத்தகத்துக் கதை. ஆனா காடு சும்மா இருக்குமா? 'மயக்கத்துல சொன்னா மன்னிப்பு உண்டு'ங்கிற சேதி சிக்னல் இல்லாமலே பரவிருச்சு. மறுநாள்ல இருந்து ஆஸ்பத்திரி வாசல்ல வரிசை. எவனுக்கும் ஒரு நோயும் இல்ல. டோக்கன் போட்டுக் கூப்பிட வேண்டியதாப் போச்சு.

"என்னம்மா உடம்புக்கு?"ன்னு கேட்டா, முயலு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல டாக்டர். மாமியார்கிட்ட ஒரு விசயம் சொல்லணும். அரைக் கடி போதும்."

பின்னாலயே மாமியார் முயலும் டோக்கனோட நின்னுச்சு. அதுக்கு முழுக் கடி.

கட்டுவிரியனுக்குப் பல்லு தேய்ஞ்சு போச்சு. கடைசியில கடியே இல்லாம சும்மா படுக்க வச்சு எழுப்பி விட்டுச்சு. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல.

மூக்கையாவுக்கு இதையெல்லாம் பாக்க ஒரே பெருமை. போறவங்க வர்றவங்களுக்கெல்லாம், "பெட்பேனைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கணும், அப்பத்தான் நம்புவாங்க"ன்னு யோசனை வேற சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

அப்படி ஒரு நாள் சொல்லிக்கிட்டிருந்தப்ப ஒச்சம்மா உள்ள இருந்து வந்துச்சு. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு, ரொம்ப அமைதியாச் சொல்லுச்சு: "ஏங்க, எனக்கும் வயித்துல சுருக்குனு ஒரு வலி. ஒரு நடை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோமா?"

மூக்கையாவுக்கு வயித்துத் தையல் இழுத்துச்சு. கல்யாணமாகி இருபது வருசம். இருபது வருசமும் கண்ணு முன்னால ஓடுச்சு. மாட்டேன்னு சொல்லலாம்னு வாயைத் திறந்துச்சு. பழைய கழுத்து, மேலயும் கீழயும் ஆடிருச்சு.

ஆஸ்பத்திரியில, 'என்ன ஆனாலும் அந்தக் கேள்வியை மட்டும் கேக்கக் கூடாது'ன்னு மனசுக்குள்ள நூறு தரம் சொல்லிக்கிட்டே மூக்கையா வார்டுக்குள்ள போச்சு. ஒச்சம்மா கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டுப் படுத்திருந்துச்சு. தலையில பெட்பேன். கொஞ்சம் சாய்ச்சு வச்சிருந்துச்சு. பின்னாலயே சடையன், காட்டுப்பன்னி, மக, மருமகன், சம்மந்தி எல்லாரும் நெட்டித் தள்ளிக்கிட்டு வந்துட்டாங்க. தள்ளுனதுல மூக்கையா கட்டில் மேல குனிஞ்சுருச்சு. மூஞ்சிக்கு நேரா மூஞ்சி.

குனிஞ்சா வாய் சும்மா இருக்குமா?

"ஒச்சு... நான் யாருன்னு தெரியுதா?"

ஒச்சம்மா எந்திரிச்சு, தலகாணியை முதுகுக்கு வாட்டமா வச்சுச் சாஞ்சுக்கிச்சு. தண்ணி ஒரு மடக்கு குடிச்சுச்சு.

"எல்லாரும் உக்காருங்க"ன்னுச்சு.

நீதி: ஆஸ்பத்திரியில கிடக்கிறவங்களுக்கு ஆப்பிள் கொடு, ஆரஞ்சு கொடு, இளநி வெட்டிக் கொடு. 'நான் யாருன்னு தெரியுதா?'ன்னு மட்டும் கேக்காதே. தெரியும்.