வந்தால் வரட்டும், போனால் போகட்டும்

மன அமைதி பொல்லாதது. பதறிக்கொண்டு பரீட்சைக்குப் போனவர்கள் யாருக்கும் எனக்குப் போன அளவுக்கு மானம் போனதில்லை.

திண்டுக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். செய்முறைத் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். (ஊசியைப் பார்த்து நடுங்கும் நோயாளிகள் உண்டு. நோயாளியைப் பார்த்து ஊசியோடு நடுங்கியவள் நான் ஒருத்திதான்.) இந்த முறையும் தவறினால், ஆயக்குடிக்குத் திரும்பி அப்பாவோடு கொய்யாப்பழம் எடை போட வேண்டியதுதான்.

எங்கள் நடுக்கத்தைத் தெளியவைக்க, கல்லூரியில் மைண்ட்ஃபுல்னஸ் வகுப்பு வைத்தார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"மைண்டு ஃபுல்லாயிருச்சுன்னா பாடத்தை எங்க வெப்பே, கண்ணு?" என்றார். பாவம், விவரம் தெரியாத மனுஷன் என்று சிரித்துக்கொண்டேன்.

வகுப்பெடுக்க வந்த அம்மாவுக்குத் தேன் குரல். "கண்ணை மூடுங்க. மூச்சை மட்டும் கவனிங்க. எண்ணம் வந்தா வரட்டும், போனா போகட்டும். பிடிச்சு வைக்காதீங்க."

நான் அந்த வரியையே பிடித்து வைத்துக்கொண்டேன். பஸ்ஸில், மெஸ் வரிசையில், குளியலறையில், எங்கும் அதே ஜபம். கை நடுக்கம் நிஜமாகவே நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு நாள். கட்டிலில் நோயாளியாக ஒரு ரப்பர் பொம்மை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பேஷன்ட்டுக்குத் திடீர்னு மூச்சு வரல. என்ன செய்வே?"

'மூச்சு' என்று காதில் விழுந்ததுதான் தெரியும். பழக்கதோஷம், கண் தானாக மூடிக்கொண்டது. மனசுக்குள் சொல்வதாக நினைத்து வாய்விட்டே சொன்னேன்: "வந்தா வரட்டும், போனா போகட்டும்."

அறையில் பொம்மை மட்டும்தான் சிரிக்கவில்லை.

"போகட்டுமா? யாரும்மா, பேஷன்ட்டா?"

கண்ணைத் திறந்தேன். கொய்யாத் தராசு தெரிந்தது. பாய்ந்துபோய்ப் பொம்மையின் நெஞ்சை அழுத்தினேன். கட்டில் நகர்ந்தது. பொம்மையின் தலைமுடி கழன்றது. கை மட்டும் நடுங்கவே இல்லை.

"போதும்மா, பொழைச்சிருச்சு, விட்ரு!" என்று கத்தினார் அந்த அம்மா. பாஸ் போட்டுவிட்டார். (பொம்மை மீதிருந்த இரக்கமாகவும் இருக்கலாம்.)

இப்போது பழனியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். போன மாதம் அப்பா காய்ச்சலில் அங்கேயே வந்து படுத்தார். நான் ஊசியோடு போனதும் பக்கத்துக் கட்டில்காரரிடம், வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்:

"ஏனுங்க, இது எம் பொண்ணுதானுங்க. கண்ணை மூடுச்சுன்னா ஒரு சத்தம் போடுங்க. நான் இப்பத்திக்குப் போறதா இல்லீங்க!"